கறை முதலிலா, ஓட்டை முதலிலா?

“சின்ன லாஜிக்தானே மேடம்!”

இந்த வார்த்தையை என் முன்னால் இனி யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவேன் என்று போன வாரம் நம் ஆபீசுக்கு உங்களைப் பார்க்க வந்தபோது சொன்னேன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. பிரஷர் மாத்திரையை டாக்டர் இப்போதுதான் பாதியாகக் குறைத்திருக்கிறார். நீங்கள் எழுதிய புரோகிராமை அரை மணி நேரம் பார்த்ததில் அது மறுபடியும் முழு மாத்திரை ஆகிவிடும் போலிருக்கிறது. ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்று பன்னிரண்டு இஃப், அதற்குள் ஏழு இஃப், எதிலும் அடங்காததையெல்லாம் அள்ளிப் போடக் கடைசியில் ஓர் எல்ஸ். “ஏம்ப்பா இது முதலில், அது ஏன் அப்புறம்?” என்று கேட்டால், “எப்படி எழுதினாலும் ஓடுதுங்க மேடம்” என்று பதில். ஓடும், ஓடாமல் என்ன? தப்பான பஸ்கூட நன்றாகத்தான் ஓடும். ஏறி உட்கார்ந்தவர்களுக்குத்தான் கஷ்டம்.

உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் இல்லை. நீங்கள் செய்வதையெல்லாம் நான் உங்களுக்கு முன்னாலேயே, இன்னும் திமிராகச் செய்தவள். பைத்தான் மொழியில் நான் எழுதியதிலேயே மிகச் சின்ன லாஜிக்கைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். மொத்தம் மூன்றே மூன்று கிளை. அது ஒரு பெண்மணியின் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தது.

அவிநாசி ரோட்டில் நமக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். குழந்தைகள் பனியன் தைத்து ஏற்றுமதி செய்கிற கம்பெனி. அவர்களுடைய செக்கிங் பிரிவில் தைத்து வந்த துணிகளைப் பெண்கள் டேபிள் டேபிளாக நின்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார்கள். எங்கே குறை இருக்கிறதோ அங்கே ஒரு சின்ன சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, அதற்குரிய பெட்டியில் போடுவார்கள். அந்தப் பிரிவில் கம்ப்யூட்டர் வைத்து ஐந்து பேரை உட்கார வைக்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. “படிச்ச புள்ளைங்கள எடுத்தா ஆறே மாசத்துல கோயமுத்தூருக்குப் போயிருதுங்க மேடம். செக்கிங்ல இருக்கறவங்கள்லயே அஞ்சு பேர எடுத்துக்கலாமுங்க. கம்ப்யூட்டருக்கு வேண்டிய புத்தி யாருக்கு இருக்குதுன்னு மட்டும் நீங்க பாத்துச் சொல்லுங்க” என்றார். நானும் பெரிய மேதாவி மாதிரி, “அதுக்கென்ன, ஒரு கேம் செஞ்சு தர்றேன்” என்று ஒப்புக்கொண்டேன்.

கேம் நன்றாகவே வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு பெல்ட் ஓடும். அதில் துணிகள் வரும். எந்தத் துணி எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்று விளையாடுகிறவர் பைத்தானில் நான்கு வரி எழுத வேண்டும். பைத்தானில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் அல்லவா? அதனால் கறை, ஓட்டை, பெட்டி என்றே வைத்திருந்தேன். இஃப், எல்இஃப், எல்ஸ் மூன்றும் மட்டும்தான் இங்கிலீஷ். சரியாக எழுதினால் பச்சை விளக்கு எரிந்து அடுத்த கேள்வி திறக்கும். தப்பென்றால் சிவப்பு. பத்துக் கேள்வியும் பச்சை ஆனால் தேர்ச்சி. பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். இரண்டு வாரம் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன்.

அந்தப் பன்னிரண்டு பேரில் திலகவதி என்று ஒருவர். அதே செக்கிங்கில் பதினான்கு வருடம். காலில் நரம்பு சுருண்டுகொள்கிற வியாதி அவருக்கு. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை பட்டையாகத் துணி சுற்றியிருப்பார். இனிமேல் நின்று செய்கிற வேலையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்குப் பெயிண்ட் வேலை, அது இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மகள் பிளஸ் டூ. “இந்த நாற்காலி கெடச்சா இருப்பனுங்க மேடம். கெடைக்காட்டி மாசக் கடைசில வேலைய விட்டு நின்னுக்கறேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டனுங்க” என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். அழுது சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

நன்றாகவும் கற்றுக்கொண்டார். எல்இஃப் எதற்கு என்று நான் மூன்று விதமாக விளக்கியும் மற்றவர்கள் விழித்தபோது, “மொதல்லதுக்கு ஆமான்னு சொல்லிட்டா அடுத்தத கேக்கவே கேக்காதுங்க, அவ்வளவுதானுங்களே” என்று ஒரே வரியில் முடித்தவர் அவர்தான்.

டெஸ்ட் நாள். செக்கிங் ஹாலிலேயே ஒரு ஓரத்தில் லேப்டாப்களைப் போட்டிருந்தோம். மதிய இடைவேளை வேறு, மற்றவர்கள் எல்லோரும் டீ டம்ளரும் கையுமாகச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மதியம் இரண்டு மணிக்குள் பட்டியல் வேண்டும் என்று முதலாளி இரண்டு தடவை ஆளனுப்பிவிட்டார். ஏழு கேள்வி வரை திலகவதிதான் எல்லோருக்கும் முன்னால். எட்டாவதில் சிவப்பு.

எட்டாவது கேள்வி இதுதான். கறை இருந்தால் துணி கறை எடுக்கிற கன்னுக்குப் போக வேண்டும். அதாவது மருந்தை வேகமாகப் பீய்ச்சி அடிக்கிற துப்பாக்கி. ஓட்டை இருந்தால் மெண்டிங்குக்கு, அதாவது கையால் பின்னிச் சேர்க்கிற டேபிளுக்கு. இரண்டும் இல்லையென்றால் பாஸ். பெல்ட்டில் இரண்டும் சேர்ந்த துணியும் வரும். என் விடையில் முதல் இஃப் கறை, அடுத்தது ஓட்டை. திலகவதி ஓட்டையை முதலில் எழுதியிருந்தார்.

“வரிசைய மாத்திப் பாருங்க” என்றேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் அதையே எழுதினார். மறுபடியும் சிவப்பு.

“மேடம், அப்புடி அனுப்புனா பீஸு போயிருமுங்க.”

“இங்க பீஸே இல்லீங்க திலகவதி! இது கேம். கேம் என்ன கேக்குதோ அதை எழுதுங்க.”

மூன்றாவது தடவையும் அதேதான். எனக்கு மணி ஒன்றே முக்கால் ஆகிறதே என்ற பதற்றம். சொல்லிக் கொடுத்த வாத்தியாரின் மானம் போகிறதே என்ற எரிச்சல் வேறு. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: “ஒம்பதாங்கிளாஸ் புள்ளைக்கு வர்ற கணக்கு இது. பதினாலு வருசம் துணி பாத்தவங்களுக்கு வரலைன்னா நான் என்னதான் பண்ணட்டும்?”

டம்ளர்களோடு நின்றவர்கள் சிரித்தார்கள். திலகவதி “சரிங்க மேடம்” என்றார். லேப்டாப்பை மெதுவாக மூடிவிட்டுத் தன் டேபிளுக்குப் போய் நின்றுகொண்டார். ஆறு பேர் ஏழாவது கேள்வியையே தாண்டவில்லை. பத்தும் பச்சையான ஐந்து பேரின் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். நன்றாகச் சாப்பிட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது, கர்மம்.

இப்போது நீங்கள் செய்கிற அதே காரியத்துக்கு வருகிறேன். செக்கிங் டேபிள்களில் டேப்லெட் வைத்து, எந்தக் குறை என்று தொட்டால் எந்தப் பெட்டி என்று அதுவே சொல்ல வேண்டும் என்று அதே கம்பெனியில் கேட்டார்கள். கேமில் இருக்கிற லாஜிக்கையே எடுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தது நான். என் டீமில் இருந்த பிரவீன் கேட்டான்: “மேடம், ஒரு நாள் பிளோர்ல, செக்கிங் டேபிள்லயே வெச்சு டெஸ்ட் பண்ணிப் பாத்துரலாமுங்களா?” நான் அவனை ஏற இறங்கப் பார்த்தேன். “பன்னெண்டு பேர் ரெண்டு வாரம் வெளையாடியிருக்காங்க. இதுக்கு மேல என்ன டெஸ்ட்டு? சின்ன லாஜிக்தானே!” என்றேன். ஆமாம், அந்த வார்த்தையை நானேதான் சொன்னேன்.

டேப்லெட் வைத்த மூன்றாம் நாள் காலையில் பிளோர் மேனேஜர் போன் செய்தார். நம் பக்கத்து ஆட்களுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும், உங்களுக்குத் தெரியுமே. “மேடம், சித்த வந்துட்டுப் போறீங்களா? நீங்க குடுத்த டேப்லெட்டு நெம்ப நல்லா வேலை செய்யுதுங்க. வந்து பாத்தீங்கன்னா உங்களுக்கே சந்தோசமா இருக்குமுங்க.” உடனே கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் கன் வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குவியல். எல்லாம் ஒரு வயதுக் குழந்தைக்கான சட்டைகள். மேனேஜர் ஒன்றை எடுத்து விரித்து அதன் நெஞ்சு வழியாகத் தன் விரலை நுழைத்து ஆட்டிக் காட்டினார். “இது காத்தோட்டத்துக்குங்களா மேடம்?”

நான் என்ன செய்தேன் தெரியுமா? கன் பிடிக்கிறவரைக் குற்றம் சொன்னேன். பிரஷரை ஏற்றி வைத்திருப்பார் என்றேன். அவர் ஒடிசாக்காரர், அமைதியான ஆள். “மேடம், பிரஷர் டெய்லி சேம் சேம். முன்னாடி ஓட்டை பீஸ் எனக்கு வராது. இப்போ டேப்லெட் சொல்லுது, வருது” என்றார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. டேபிள் டேபிளாகப் போய் எங்கிருந்து போன துணி எவ்வளவு கிழிந்திருக்கிறது என்று விசாரித்தேன். எல்லா டேபிள் துணியும் கிழிந்திருந்தது, ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த டேபிளில் டேப்லெட்டின் மேல் ஒரு பூத்துவாலையைப் போட்டு மூடியிருந்தது. முன்னால் திலகவதி நின்றுகொண்டிருந்தார். வேலையில் அவருக்கு அது கடைசி வாரம்.

“ஏனுங்க, இதை மூடி வெச்சிருக்கீங்க?”

“பீப் பீப்னு கத்திட்டே இருக்குதுங்க மேடம். அது சொல்றபடி கேக்கவும் முடியல, கத்தறதக் கேக்கவும் முடியல.”

சொல்லிக்கொண்டே ஒரு சட்டையை எடுத்தார். அதில் இரண்டு ஸ்டிக்கர். ஒன்று எண்ணெய்க் கறைக்கு, இன்னொன்று ஊசி குத்திய ஓட்டைக்கு. ஓட்டை கடுகளவுகூட இல்லை. அதை மெண்டிங் பெட்டியில் போட்டார். “பின்னல் துணியில ஒரு கண்ணி அறுந்திருந்தா, கன் அடிச்ச வேகத்துல அப்புடியே விட்டுக்கிட்டே போயிருமுங்க. மொதல்ல பின்னிக் கட்டிட்டு அப்பறம்தான் கறைக்கு விடோணும். இங்க யாரக் கேட்டாலும் சொல்லுவாங்களுங்க. டேப்லெட்டு சொல்றபடிதான் போடோணும்னு உத்தரவு, அதனால போடறாங்க.”

“எட்டாவது கேள்வி” என்று ஆரம்பித்தேன்.

“அதேதானுங்க. மாத்திப் போட்டா பச்சை எரியும்னு ரெண்டாவது தடவையே தெரிஞ்சு போச்சுங்க. மனசு வரலீங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மேல்! என்ன புத்தியோ. “தெரிஞ்சும் ஏனுங்க எழுதல? எழுதியிருந்தா இந்நேரம் நாற்காலில உக்காந்திருப்பீங்களே! அது வெறும் கேம்தானேங்க!”

“உங்களுக்குத்தானுங்க மேடம் அது கேமு.”

அதற்கு மேல் அங்கே நிற்க எனக்குக் கூசியது. தேர்வான ஐந்து பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனேன். “இப்படி அனுப்புனா துணி கிழியும்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு அம்மணி சொன்னார்: “தெரியுமுங்க. மேடம் கேக்கறதத்தானுங்களே டெஸ்ட்ல எழுதோணும்.” தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. யாருக்குப் புத்தி இருக்கிறது என்று பார்க்கத்தான் நான் கேம் செய்தேன். அந்தக் கேமோ எனக்கு ஆமாம் போடுகிறவர்களை எல்லாம் உள்ளே விட்டு, மாட்டேன் என்ற ஒரே ஆளை வெளியே தள்ளியிருக்கிறது. அவர்கள் மேல் குற்றமே இல்லை. பிழைக்க வந்தவர்கள், கேட்டதை எழுதினார்கள்.

நான் ஏன் கறையை முதலில் வைத்தேன் என்றும் கேட்பீர்கள். கம்பெனி கொடுத்த குறைகள் தாளில் கறைதான் முதல் வரி, ஓட்டை இரண்டாவது. அந்தத் தாளில் எது அதிகம் வருகிறதோ அதை மேலே எழுதுவது வழக்கம், எண்ணிச் சொல்ல வசதியாக. எது முதலில் செய்ய வேண்டியது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. நான் அதைப் பார்த்து மேலிருந்து கீழே அப்படியே இஃப், எல்இஃப் என்று அடித்துக்கொண்டு போனேன். எழுந்து இருபது அடி நடந்து ஒரு டேபிளில் கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. கேட்கவில்லை. செக்கிங்கில் நிற்கிறவர்களிடம் போய் நான் லாஜிக் கேட்பதாவது என்ற நினைப்பு. வேறென்ன!

முதலாளியைப் பார்க்கப் படியேறும்போது நம் ஆபீஸ் பெரியவரிடமிருந்து போன். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டது. “டேட்டா இஷ்யூன்னு சொல்லிட்டு வந்துரும்மா. கேம் தப்புன்னு மட்டும் வாயத் தொறந்துராத. இன்னும் மூணு கம்பெனில அதே கேமக் கேட்டிருக்காங்க” என்றார். டேட்டா இஷ்யூ! அதாவது எங்கிருந்தோ வந்த தகவலில் ஏதோ கோளாறு. நம் தொழிலில் இதைவிட வசதியான வார்த்தை உண்டா? யார் தலையிலும் விழாது. நான் “சரிங்க” என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அப்படிச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன்.

முதலாளி கிழிந்த சட்டை ஒன்றை மேஜை மேல் வைத்திருந்தார். “என்னுங்க மேடம் ஆச்சு?” என்று கேட்டார். சொல்ல வாயெடுத்தேன். டேட்டா இஷ்யூ என்றால் டேப்லெட்டைச் சரி செய்துவிடலாம். கேம் அப்படியே சரியாக இருக்கும். கேம் சரியென்றால் திலகவதி தப்பு. சனிக்கிழமை அவர் கணக்கு முடித்துக்கொண்டு போய்விடுவார், நான் மூன்று கம்பெனிக்குக் கேம் விற்பேன்.

“கேம் தப்புங்க. நான் எழுதுனதுதான் தப்பு. திலகவதி சரியா எழுதுனாங்க, அவங்கள நான்தான் ஃபெயிலாக்கிட்டேன்” என்றேன்.

அவர் சட்டையை ஓரமாக நகர்த்தி வைத்தார். “அதுக்கென்னுங்க. கேள்வியத் திருத்தி அந்தம்மாவுக்கு மட்டும் இன்னொருக்கா டெஸ்ட்டு வெச்சரலாமுங்களே” என்றார்.

“சரியா எழுதுனவங்களுக்கு எதுக்குங்க இன்னொரு டெஸ்ட்டு? தோத்தது நானுங்க.”

“அஞ்சு சேர்லயும் ஆளு உக்காந்தாச்சுங்களே மேடம்.”

“ஆறாவதா ஒண்ணு போடுங்க. எந்த லாஜிக்கா இருந்தாலும் அவங்க பாத்து சரின்னு சொன்னதுக்கு அப்பறம் டேபிளுக்குப் போகட்டும். அதுக்கு ஒரு ஆள் வேணுமுங்க, இல்லாட்டி நான் மறுபடியும் இதையேதான் பண்ணுவேன்.”

“எழுதிக் குடுப்பீங்களா, உங்க கேம் தப்புன்னு?”

ஒரு வெள்ளைத் தாள் வாங்கி மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்று கம்பெனியில் இரண்டு கம்பெனி கேமே வேண்டாம் என்றுவிட்டன. நம் பெரியவர் ஒரு மாதம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வேலை போய்விடும் என்றுகூட நினைத்தேன், போகவில்லை.

இனி நீங்கள் எல்ஸைப் போட்டு மூடும் முன்னால் அந்த வேலையைக் கையால் செய்கிற ஒருவரிடம் போய்ப் படித்துக் காட்டுங்கள். அவர் “இல்லீங்க” என்றால் வாயை மூடிக்கொண்டு ஏன் என்று கேளுங்கள். மணி ஒன்றே முக்கால் ஆனாலும் கேளுங்கள். இதற்கு மேல் புத்தி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு மீதி நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கீழே இறங்கி வந்து திலகவதியிடம் விஷயத்தைச் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து நாற்காலி, வேலையை விட வேண்டியதில்லை என்றேன். எழுதிக் கொடுத்ததையும் சொல்லி, அன்று பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் கண் கலங்கும், கையைப் பிடித்துக்கொள்வார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவர் கையிலிருந்த சட்டையை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“நாற்காலி கெடச்சதுல நெம்ப சந்தோசமுங்க மேடம். அதுல ஒண்ணுமில்லீங்க. ஆனா அன்னிக்கு எல்லாரும் இருக்கையில சொன்னீங்க. இன்னிக்கு எங்கிட்ட மட்டும் வந்து சொன்னா எப்படீங்க?”

“அதான் முதலாளிகிட்டயே எழுதிக் குடுத்துட்டேனுங்களே.”

“அது மேல பீரோவுல இருக்குமுங்க. சிரிச்சவிய எல்லாம் இங்கதானுங்க நிக்கறாங்க.”

டேபிள்களுக்கு நடுவில் இருந்த வழியில் போய் நின்றேன். நாற்பது பேர் இருப்பார்கள். மேனேஜர் கையைத் தட்டி எல்லோரையும் நிமிரச் சொன்னார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. “அன்னிக்கு டெஸ்ட்ல திலகவதி எழுதுனதுதான் சரி. என் கேள்விதான் தப்பு. உங்க எல்லாத்துக்கும் முன்னால அவங்கள நான் பேசுனதும் தப்பு” என்று சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முடிந்தது, ஆளை விட்டால் போதும் சாமி என்று வாசலைப் பார்த்துத் திரும்பினேன்.

“மேடம்” என்றார் திலகவதி. “கடைசி டேபிளுக்குக் கேக்கலீங்க.”

கடைசி டேபிள் வரைக்கும் நடந்து போனேன். அங்கே நின்று முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.